கேட்காமல் வீட்டுக்குள் நுழைபவன் யார்?

 

பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்தும் நண்பர் ஒருவர் 2024 கோடையில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம் எல்லாமே கம்ப்யூட்டரில்தான் என்றாகிவிட்ட காலம். ஒவ்வொரு தடவையும் பெண் பிள்ளையைக் கடைவீதி பிரவுசிங் சென்டருக்கு அனுப்ப மனமில்லாமல், கையிலிருந்த பணத்தைப் புரட்டி வாங்கி வைத்தார்.

ஒரு நாள் இஷா தொழுகை முடிந்து அவர் வீடு திரும்பிய நேரம். மகள் நுழைவுத் தேர்வுக்கான பழைய வினாத்தாளைத் தேடிக் கொண்டிருந்தாள். திரையில் "டவுன்லோடு" என்று மூன்று பட்டன்கள். மூன்றில் பெரிதாக, பச்சை நிறத்தில் பளபளவென்று மின்னியதை அமுக்கினாள். வினாத்தாள் வரவில்லை. சீட்டுக்கட்டைக் கையில் பிடித்துக் கொண்டு ஒருவன் சிரித்தான். அதை மூடப் போனால் இன்னொரு பக்கம் திறந்தது. அதில் வந்த படத்தை இங்கே எழுத என் பேனா கூசுகிறது. பின்னால் தகப்பன் நிற்கிறார். "அத்தா, நான் ஒண்ணும் பண்ணலத்தா..." என்று அந்தப் பிள்ளை அழுதே விட்டது. அவர் ஒன்றும் பேசாமல் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

மறுநாள் பஜ்ருக்குப் பிறகு என்னிடம் வந்தார். "பேசாம வித்துடட்டுமா பாய்?"

இந்தக் கேள்வியை அவர் மட்டும் கேட்கவில்லை. தர்மபுரியிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு உறை போட்டு மூலையில் வைத்துவிட்டவர்களையும் நான் அறிவேன். டிஷ் ஆண்டெனா வந்த காலத்தில் மொட்டை மாடியில் ஏறி அதைப் பிடுங்கிப் போட்டவர்கள் நாம். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அன்று ஆண்டெனா இல்லாமல் வாழ முடிந்தது. இன்று வணிகரின் ஜி.எஸ்.டி. கணக்கு இதில் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு இதில் இருக்கிறது. 2025 ஜூன் மாதத்தில் மத்திய அரசு உமீத் இணையதளத்தைத் தொடங்கி, நம் முன்னோர் அல்லாஹ்வின் பெயரால் விட்டுச் சென்ற வக்ஃபு சொத்துகளின் ஆவணங்களை ஆறு மாதத்துக்குள் ஏற்ற வேண்டும் என்று கெடு விதித்தபோது, ஸ்கேன் எடுத்து ஏற்றத் தெரிந்த ஒரு பையனைத் தேடி எத்தனை முத்தவல்லிகள் அலைந்தார்கள்! ஆங்கிலப் படிப்பை ஒதுக்கியதன் விலையைச் சமுதாயம் பல தலைமுறைகளாகக் கட்டிக் கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரையும் ஒதுக்கி இன்னொரு கடனைத் தலையில் ஏற்றிக் கொள்ள வேண்டுமா?

விற்க வேண்டியதில்லை பாய், வாசலுக்குக் கதவு போட்டால் போதும் என்றேன்.

சூரத்துந் நூர் 27ஆம் வசனம் நாமெல்லாம் அறிந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் போகுமுன் அனுமதி கேட்க வேண்டும், ஸலாம் சொல்ல வேண்டும் என்பது இறைக்கட்டளை. நபி (ஸல்) அவர்களின் அறைக் கதவிலிருந்த துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்ததும், அப்போது அவர்களின் கையில் தலைகோதும் இரும்புச் சீப்பு இருந்ததும், எட்டிப் பார்த்தவரை அவர்கள் கண்டித்த கடுமையும் புகாரியில் பதிவாகியுள்ளன. அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணத்தால்தான் வந்தது என்பதும் அந்த ஹதீஸிலிருந்து நாம் பெறும் பாடம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக் கொண்டு நம் வீட்டுத் திரையைப் பாருங்கள். கேட்காமல் நுழைகிறான். நுழைந்த பிறகு எட்டியும் பார்க்கிறான்!

இந்தத் திடீர் விளம்பரச் சன்னல் எப்படிப் பிறந்தது தெரியுமா? இணையத்தில் முதல் விளம்பரப் பட்டை வந்தது 1994 அக்டோபரில், அமெரிக்காவின் ஹாட்வயர்ட் என்ற இதழின் பக்கத்தில். அது பத்திரிகை விளம்பரம் போலத் தன் இடத்தில் அடக்கமாக இருந்தது. சில ஆண்டுகளில் டிரைபாட் என்ற நிறுவனத்தில் ஒரு சிக்கல். ஒரு கார் கம்பெனியின் விளம்பரம், ஆபாசமான ஒரு பக்கத்தில் போய் ஒட்டிக் கொண்டது. கம்பெனி கொதித்தது. விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து பிரித்துத் தனிச் சன்னலில் திறந்துவிட்டால் என்ன என்று அங்கு வேலை செய்த ஈதன் ஜுக்கர்மேன் நிரல் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் "பாப்-அப்". 2014ஆம் ஆண்டு அட்லாண்டிக் இதழில் அதே மனிதர் உலகத்திடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். கார் கம்பெனியின் கௌரவத்தைக் காப்பாற்றப் பிறந்த சன்னல் இன்று நம் பிள்ளைகளின் கண்ணெதிரே வந்து திறக்கிறது.

நம் தர்மபுரியில் அரசு பட்டுக்கூடு ஏல அங்காடி இருக்கிறது. விவசாயி கூட்டைக் கொண்டு வருகிறார், தட்டில் கொட்டுகிறார், ஏலம் கேட்கிறார்கள், விலை படிகிறது. விற்கிறவருக்குத் தான் விற்பது தெரியும். விலை பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். இணையத்திலும் ஏலம்தான் நடக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தவுடன், அது முழுதாகத் தெரிவதற்குள், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்தக் கருவியில் பார்க்கிறீர்கள், இதற்கு முன் எதைத் தேடினீர்கள் என்ற விவரங்கள் ஏலக் கடைக்குப் போகின்றன. கண் இமைக்கும் நேரத்தில் பலர் விலை கேட்கிறார்கள். வென்றவனின் விளம்பரம் உங்கள் திரையில் வருகிறது. தோற்றவனுக்கும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதுதான் இதில் கொடுமை. அங்காடியில் கூடு ஏலம் போகிறது, இங்கே நாமே ஏலம் போகிறோம்! ஏலத் தொகையில் நமக்கு ஒரு பைசா கிடையாது. நடந்ததென்று சொல்லக்கூட ஆளில்லை.

"என் விவரத்தை எடுத்து என்ன செய்துவிடப் போகிறான், நான் தக்காளி விற்கிறவன்" என்று நினைக்கும் வணிகப் பெருமக்களுக்கு ஒரு செய்தி. தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் "முஸ்லிம் புரோ" என்ற செயலியை நம்மில் பலர் அறிவோம். உலகெங்கும் கோடிக்கணக்கான முறை பதிவிறக்கப்பட்டது. அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிட விவரம் எக்ஸ்-மோட் என்ற தரவுத் தரகு நிறுவனத்துக்குப் போனது என்றும், அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள் என்றும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் அம்பலப்படுத்தியது. எதிர்ப்புக் கிளம்பியதும் எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக் கொள்வதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. 2021 ஜனவரியில் "ஸலாத் ஃபர்ஸ்ட்" என்ற இன்னொரு தொழுகைச் செயலியின் விவரங்கள் பிரிடிசியோ என்ற நிறுவனத்துக்குப் போனது வெளிவந்தது. வழிபாட்டுத் தலங்களுக்கு யார் போகிறார்கள் என்பது போன்ற இருப்பிட விவரங்களை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோடின் வாரிசு நிறுவனத்துக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் தடை போட முன்வந்தது 2024 ஜனவரியில்தான். தொழுகைக்கு ஒளூ செய்யப் போனவனின் காலடித் தடம் ராணுவ ஒப்பந்ததாரனின் கைக்கு எட்டியிருக்கிறது. தக்காளி விற்கிறவரின் விவரத்துக்கு மட்டும் விலை கிடையாதா?

இனி சூதாட்டத்துக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மைஸிரை மதுவோடு சேர்த்து ஹராமாக்கிய மார்க்கம் நம்முடையது. ஆனால் சில ஆண்டுகளாகத் தமிழகத்து வாலிபன் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ரம்மிதான் எதிரே நின்றது. கடனாகி உயிரை மாய்த்துக் கொண்டோரின் செய்திகள் நாளிதழ்களில் தொடர்ந்து வந்தன. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு சட்டமானது, 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஆளுநர் ரவி மாதக்கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்ற, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக் கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டு என்ற பகுதியை மட்டும் நீக்கியது. எது நோயோ அதற்கு மட்டும் மருந்து இல்லாமல் போனது! கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அவற்றை விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் பல கடையை மூடின.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் சட்டம் போட்டால் சைத்தான் ஊரைவிட்டுப் போய்விடுவானா? கடல் கடந்த நாடுகளில் உட்கார்ந்து கொண்டு, செய்தித்தளம் என்று பெயர் மாற்றிப் பந்தயத் தளங்கள் விளம்பரம் செய்கின்றன என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022லேயே எச்சரித்தது. கையெழுத்து, ஜாமீன் எதுவுமின்றி ஐந்து நிமிடத்தில் கடன் என்று கூவும் வட்டிக்கடை விளம்பரங்கள் தனி. ஒருவன் சூதாடத் தூண்டுகிறான், மற்றவன் அதற்கு வட்டிக்குக் கொடுக்கிறான். இரண்டு விளம்பரமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில்!

சட்டத்தை வைத்தே பேசினாலும், அந்தப் பச்சை டவுன்லோடு பட்டன் குற்றம்தான். விளம்பரத்தை வேறொன்று போல வேடமிட்டுக் காட்டுவதை ஏமாற்று முறைகள் பதின்மூன்றில் ஒன்றாக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்திருக்கிறது. குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதை 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. கம்பெனிகள் தயாராவதற்கு அதில் 18 மாத அவகாசம் வேறு! 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 விழுக்காடு. இப்போதுதான் எழுத்துக்கூட்டி இணையத்துக்குள் வந்திருக்கும் தாய்மார்களும் பெரியவர்களும் எது செய்தி, எது விளம்பரம் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே கதவை நாமே போடுவோம். அதற்குக் காசு தேவையில்லை.

இணையத்தைத் திறக்கும் மென்பொருளை பிரவுசர் என்கிறோம். மொசில்லா அறக்கட்டளையின் ஃபயர்பாக்ஸ் பிரவுசரைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொள்ளுங்கள். அதில் ஆட்-ஆன்ஸ் பகுதிக்குப் போய் "யுபிளாக் ஆரிஜின்" என்று தேடுங்கள். ரேமண்ட் ஹில் என்பவர் 2014ல் எழுதியது. இலவசம், நன்கொடைகூட வாங்குவதில்லை. முழுப் பெயரையும் பார்த்துக் கொள்ளுங்கள், ஏனென்றால் "ஆரிஜின்" என்ற சொல் இல்லாமல் கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொன்று இருக்கிறது. சேர்த்துவிட்டால் முடிந்தது, வேறு எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை. விளம்பர நிறுவனங்களின் முகவரிப் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. அந்த முகவரிகளுக்கு உங்கள் கம்ப்யூட்டர் போகாமலேயே தடுத்துவிடுகிறது. பக்கம் சீக்கிரம் திறக்கும், டேட்டாவும் மிச்சமாகும்.

கூகுளின் குரோம் பிரவுசரில் முன்பு இதே மென்பொருள் வேலை செய்தது. 2024 ஜூனில் தொடங்கி படிப்படியாக கூகுள் அதை நிறுத்திவிட்டது. பாதுகாப்புக்காக விதிகளை மாற்றினோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கூகுளின் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் நான் நினைவூட்டி வைக்கிறேன். (மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கும் கூகுள் கொடுப்பதுதான். உலகம் அப்படித்தான் இருக்கிறது.) குரோம்தான் வேண்டும் என்பவர்கள் "யுபிளாக் ஆரிஜின் லைட்" போட்டுக் கொள்ளலாம், முன்னதைவிடச் சற்றுப் பலம் குறைவு. "ஆட்பிளாக் பிளஸ்" என்ற பழைய மென்பொருளும் உண்டு. ஆனால் 2011 முதல் "ஏற்கத்தக்க விளம்பரங்கள்" என்று ஒரு பட்டியல் வைத்துச் சிலவற்றை அது உள்ளே விடுகிறது, பெரிய கம்பெனிகள் அந்தப் பட்டியலுக்குப் பணமும் கட்டுகின்றன. தெரிந்து கொண்டு போடுங்கள்.

திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்த்து "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று பயமுறுத்துவது வேறு வகை. பெரும்பாலும் அதை நாமேதான் உள்ளே விட்டிருப்போம். "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ அமுக்கவும்" என்று எங்கோ கேட்டிருப்பான், நாமும் அமுக்கியிருப்போம். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று இருக்கும். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாத பெயர்கள் அனைத்தையும் நீக்குங்கள். புதிதாக எவனும் கேட்காதபடியும் அங்கேயே நிறுத்தி வைக்கலாம்.

வீட்டில் வைஃபை இருந்தால் அதன் ரூட்டரிலேயே காவல் போடலாம். ரூட்டர் செட்டிங்கில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 94.140.14.15 என்றும் 94.140.15.16 என்றும் கொடுத்தால், ஆட்கார்ட் நிறுவனத்தின் இலவசச் சேவை விளம்பரங்களோடு ஆபாசத் தளங்களையும் தடுக்கும், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும். யூடியூப் விளம்பரம் இதற்குக் கட்டுப்படாது. செல்போனில் மொபைல் டேட்டாவில் பார்த்தாலும் கட்டுப்படாது. பிள்ளைகள் சாமர்த்தியசாலிகள். பெற்றோரின் கண்ணுக்கு மாற்றாக எந்த மென்பொருளும் வராது.

வணிகர்களுக்குத் தனியாக ஒன்று. பேங்க் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வந்ததற்குப் போன் செய்து பணம் இழந்தவர்கள் நம்மில் உண்டு. அந்த முதல் இடம் பல நேரங்களில் விலைக்கு வாங்கப்பட்ட விளம்பர இடம். உண்மையான கம்பெனிகளின் பெயரில் குற்றவாளிகள் தேடல் விளம்பரம் வாங்குகிறார்கள், ஆகவே விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2022 டிசம்பரில் தன் மக்களுக்கு அறிவுரை சொன்னது. விளம்பரச் சாம்ராஜ்யத்தின் தலைநகரிலிருந்தே வந்த அறிவுரை இது! எண்ணை பாஸ்புக்கிலும் ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலும் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

இதைப் படித்த ஓர் இளைஞர் கேட்கலாம்: "விளம்பரத்தை நம்பித்தானே அந்தத் தளங்கள் நடக்கின்றன? விளம்பரத்தைத் தடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் படிப்பது அடுத்தவன் உழைப்பைத் திருடுவது ஆகாதா? ஹலாலா?" நல்ல கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டேன். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழிலும் பிரியாணிக் கடை, ஜவுளிக் கடை, உம்ரா சர்வீஸ் விளம்பரங்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் அச்சகத்துக்குப் பணம் கட்ட முடியாது. ஆனால் அந்த ஜவுளிக் கடைக்காரர் இதழிலிருந்து குதித்து உங்கள் பின்னாலேயே வீடு வரை வருவதில்லை. நீங்கள் வேறு எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று குறித்து வைத்து மூன்றாம் ஆளிடம் விற்பதுமில்லை. பக்கத்தைப் புரட்டினால் அவர் அங்கேயே இருந்துவிடுகிறார். அப்படி அடக்கமாக விளம்பரம் போடும் தளம், நீங்கள் தினமும் படிக்கும் தளம் என்றால், அதற்கு மட்டும் தடுப்பானை அணைத்து வையுங்கள். யுபிளாக்கில் நீலநிற விசை ஒன்று இருக்கிறது, ஒரே அமுக்கு. அல்லது சந்தா கட்டுங்கள். நம் சமுதாயத்தின் ஏடுகளுக்குச் சந்தா கட்டாமல் ஓசியில் படித்துப் பழகியவர்கள் நாம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாவிட்டால் நான் அமானிதத்தை நிறைவேற்றியவன் ஆகமாட்டேன். மற்றபடி, கேட்காமல் நுழைந்தவனை வெளியே நிறுத்துவதில் எவன் ஹக்கும் பறிபோகவில்லை என்பதே என் கருத்து. இதில் ஆலிம் பெருமக்கள் விரிவாக எழுதினால் இன்னும் நல்லது.

ரத்த தானத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் ஓடோடி வரும் நம் கிளை இளைஞர்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்க முடியாதா? ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் போதும். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வெளியே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால், லேப்டாப் உள்ளவர்கள் அங்கேயே கொண்டு வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மாற்றுமத சகோதரர்களின் கம்ப்யூட்டரையும் சேர்த்துச் செய்து கொடுங்கள். சூதாட்ட விளம்பரம் வாசலில் மதம் பார்ப்பதில்லை.

மண்டிக்காரர் வீட்டில் நானும் ஒரு தம்பியும் போய் உட்கார்ந்து எல்லாம் செய்து முடித்தோம். பிடுங்கிய வயரை மறுபடி சொருகினார். மகள் அதே வினாத்தாள் பக்கத்தைத் திறந்தாள். மூன்று டவுன்லோடு பட்டன் இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது, மிகச் சிறியதாக, சாம்பல் நிறத்தில். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாய், நம்ம பத்திரிகைக்குப் பெருநாள் மலருக்கு நான் கொடுக்கிற விளம்பரத்தையும் இது மறைச்சிடுமா?" என்று கேட்டார்.

மறைக்காது, தொகையை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள் என்றேன்.